சான்றிதழுக்கு இரண்டு ஆண்டு, கைக்கு மூன்று மாதம்: மருத்துவப் பணியாளருக்கு மறுபயிற்சி ஏன், எப்படி?

அமெரிக்க இதயச் சங்கத்தின் அடிப்படை உயிர்காப்புப் பயிற்சியை முடித்தவருக்குக் கொடுக்கும் அட்டை இரண்டு ஆண்டு செல்லும். அந்தப் பயிற்சியில் பழகிய, இதயம் நின்றவரின் நெஞ்சைக் கையால் அழுத்தும் திறன் அதே தரத்தில் கையில் நிற்பதோ மூன்று முதல் ஆறு மாதம். இதைப் பல ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அந்தச் சங்கமே 2018-இல் வெளியிட்ட உயிர்காப்புக் கல்வி பற்றிய அறிக்கையில் ஒப்புக்கொண்டிருக்கிறது. மீதி ஒன்றரை ஆண்டு, பயிற்சி முடித்த நர்சின் சட்டைப்பையில் அட்டை இருக்கும், கையில் பழக்கம் இருக்காது.

மருத்துவப் பணியாளருக்கான தொடர்கல்வி என்றால் என்ன என்று புரிந்துகொள்ள இந்த இடைவெளியிலிருந்து தொடங்குவது நல்லது. படிப்பு முடிந்து வேலைக்கு வந்த பிறகும் அறிவையும் கைத்திறனையும் புதுப்பித்துக்கொண்டே இருப்பதுதான் தொடர்கல்வி. அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, உட்கார்ந்து கேட்பது. மற்றொன்று, நின்று செய்வது. நம் மருத்துவமனைகளில் முதல் வகைக்குப் பதிவேடு, பேனர், மதியச் சாப்பாடு எல்லாம் உண்டு. இரண்டாவது வகைக்குப் பெரும்பாலும் இடமே ஒதுக்குவதில்லை. இந்தக் கட்டுரை இரண்டாவது வகையைப் பற்றியது. சி.பி.ஆர். என்று எல்லோரும் சொல்லும் இதய நுரையீரல் மீட்பை, அதாவது இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி மூச்சுக் கொடுப்பதை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

மணிக்கணக்கு

இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை நெறி விதிகள், ஒரு மருத்துவர் ஐந்து ஆண்டுக்குக் குறைந்தது 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வியில் பங்கேற்க வேண்டும் என்கின்றன. ஆண்டுக்கு 6 மணி நேரம். சி.எம்.இ. என்று அழைக்கப்படும் கூட்டங்களில் 'கிரெடிட் ஹவர்' தருவது இந்தக் கணக்குக்காகத்தான். நர்சுகளுக்கு இதே பாணியில் சி.என்.இ. எனும் தொடர் நர்சிங் கல்வி இருக்கிறது.

மணிக்கணக்கு வைத்ததில் தவறில்லை. ஒன்றுமே கேட்காமல் முப்பது ஆண்டு ஓட்டிவிடுவதைவிட இது எவ்வளவோ மேல். புதிய ஆன்டிபயாடிக் கொள்கை, மாறிய தடுப்பூசி அட்டவணை, புதிய சர்க்கரை நோய் மருந்துகள் போன்றவற்றைக் கேட்டும் படித்தும் தெரிந்துகொள்ளலாம். அவற்றுக்கு வகுப்பறை போதும். ஆனால் மணிக்கணக்கு அளப்பது வருகையை மட்டும். 'எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்' என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்கும். 'நெஞ்சை எத்தனை சென்டிமீட்டர் அழுத்துகிறார்' என்ற கேள்விக்கு இருக்காது.

மறதிக்குக் காரணம்

நீச்சலும் சைக்கிளும் ஒருமுறை வந்தால் மறக்காது என்பார்கள். சி.பி.ஆரும் அப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். சைக்கிளில் தவறு செய்தால் விழுவோம், உடம்பு அந்த நொடியே திருத்திக்கொள்ளும். சி.பி.ஆரில் 5 செ.மீ. அழுத்த வேண்டிய இடத்தில் 3 செ.மீ. அழுத்தினால் அழுத்துபவருக்கு எதுவும் தெரியாது. கையில் வித்தியாசம் இல்லை, நோயாளியும் சொல்ல மாட்டார். திருத்தம் கிடைக்காத பழக்கம் மெல்ல மெல்லத் தன் போக்கில் நழுவும்.

இன்னொரு காரணம், வாய்ப்பு அபூர்வம். தீவிர சிகிச்சைப் பிரிவு நர்சுக்கு இதயம் நின்ற நோயாளியைப் பார்ப்பது அன்றாடத்தை ஒட்டிய விஷயம். எலும்பு முறிவு வார்டிலோ கண் வார்டிலோ இருப்பவர் ஆண்டுக்கணக்கில் ஒருவரைக்கூடப் பார்க்காமல் இருக்கலாம். பார்க்கும் நாளில் முதல் சில நிமிடம் அவர் கையில்தான். உடனே சி.பி.ஆர். தொடங்காவிட்டால், மின் அதிர்ச்சி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. ஆகவே எந்த வார்டில் இது அபூர்வமோ அந்த வார்டுக்குத்தான் மறுபயிற்சி அதிகம் தேவை. நடைமுறையில் தலைகீழாக நடக்கிறது: ஐ.சி.யூ. ஆட்களையே திரும்பத் திரும்பப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள்.

இதற்கு ஒரு வழியாக வந்ததுதான் 'சிறிய அளவு, அடிக்கடி' என்ற முறை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு முழுநாள் என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் என்று உடைப்பது. நெஞ்சை அழுத்திப் பழகும் பயிற்சிப் பொம்மையை வார்டுக்கே கொண்டுபோய் வைப்பது. மனம் ஒரே மூச்சில் படித்ததைவிட விட்டு விட்டுப் படித்ததை நீண்டநாள் வைத்திருக்கும் என்பது 1885-இல் ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹவுஸ் செய்த நினைவாற்றல் சோதனைகளிலிருந்தே தெரிந்த சங்கதி. மருத்துவமனைகள் அதைக் காதில் வாங்க நூறு ஆண்டுக்கு மேல் பிடித்தது.

நேரம் எங்கே இருக்கிறது என்பதுதான் எல்லா இடத்திலும் வரும் முதல் ஆட்சேபம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 நர்சுகள் உள்ள மருத்துவமனையில் ஒவ்வொருவருக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்றால் மாதம் 20 பேர். ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் மொத்தம் 200 நிமிடம், அதாவது மூன்று மணி இருபது நிமிடம். வேலைநாளில் தினம் ஒருவர் என்றால் முடிந்துவிடும். யாரையும் வார்டை விட்டு எடுக்க வேண்டியதில்லை, மாற்று ஆள் போட வேண்டியதில்லை.

பத்து நிமிடத்தில் என்ன செய்வது

தேவையான பொருள்கள் குறைவு: பெரியவர் அளவுள்ள ஒரு மேனிக்கின் (பயிற்சிப் பொம்மை), பெரியவர் அளவு ஆம்பு பேக்கும் (கையால் பிசைந்து மூச்சுக் கொடுக்கும் பை) மாஸ்க்கும், விநாடி முள் உள்ள கடிகாரம், ஒரு பக்கச் சரிபார்ப்புத் தாள். மேனிக்கின் ஆழத்தையும் வேகத்தையும் காட்டும் வகையாக இருந்தால் மிக நல்லது. சரியான ஆழம் வந்தால் 'கிளிக்' என்று சத்தம் கொடுக்கும் எளிய பொம்மையும் போதும். அழுத்தம் சரியா என்று உடனே காட்டும் இந்தக் கருவி எவ்வளவு முக்கியம் என்றால், 2019 ஜனவரி 31 முதல் அமெரிக்க இதயச் சங்கத்தின் பெரியவர் சி.பி.ஆர். வகுப்புகளில் அதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். பயிற்சியாளர் கண்ணால் பார்த்து 'ஆழம் சரி' என்று சொல்வதை நம்ப முடியாது என்பதே காரணம்.

முதல் நிமிடம் எதுவும் சொல்லிக்கொடுக்காதீர்கள். "பெட் 14 நோயாளி பேச்சு மூச்சில்லாமல் கிடக்கிறார், நீங்கள் மட்டும் இருக்கிறீர்கள்" என்று சொல்லி விட்டுவிடுங்கள். அவர் என்ன செய்கிறாரோ அதைத் தாளில் குறியுங்கள். விளக்கம் சொன்ன பிறகு பார்த்தால் நாம் சொன்னதைத்தான் அளப்போம், அவரிடம் ஏற்கெனவே இருப்பதை அளக்க மாட்டோம். இந்த ஒரு நிமிடத்தைத் தவிர்ப்பவர்கள்தான் பிறகு 'எங்கள் ஆட்கள் எல்லோரும் நன்றாகச் செய்கிறார்கள்' என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அதில் பார்க்க வேண்டியவை இவை. தோளைத் தட்டிக் கூப்பிட்டாரா. உதவிக்குக் குரல் கொடுத்தாரா, 'கோட் ப்ளூ' (இதயம் நின்றால் மீட்புக் குழுவை வரவழைக்கும் அவசர அழைப்பு) அழைக்கச் சொன்னாரா, எண் தெரிந்திருந்ததா. மூச்சையும் கழுத்து நாடியையும் ஒரே நேரத்தில் பார்த்தாரா, 10 விநாடிக்குள் முடித்தாரா. கட்டிலின் தலைப்பக்கத்தைச் சமமாக இறக்கினாரா. கையை நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் வைத்தாரா. முதல் அழுத்தம் எத்தனையாவது விநாடியில் விழுந்தது.

அடுத்த இரண்டு நிமிடம் தொடர்ந்து அழுத்தவும் மூச்சுக் கொடுக்கவும் விடுங்கள். 30 அழுத்தம், 2 மூச்சு. நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகம். ஆழம் குறைந்தது 5 செ.மீ., 6-க்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுவதுமாக எழும்ப வேண்டும். வேகம் காட்டும் கருவி இல்லாத இடத்தில் கடிகாரம் போதும்: 30 அழுத்தம் 15 முதல் 18 விநாடிக்குள் முடிந்தால் வேகம் சரி. 12 விநாடியில் முடித்தால் அவசரம், ஆழம் குறைந்திருக்கும். 20-ஐத் தாண்டினால் மெதுவாகச் செய்கிறார். இரண்டு மூச்சுக்கும் சேர்த்து இடைவெளி 10 விநாடிக்குள் இருக்க வேண்டும். இப்படி ஐந்து சுற்று ஏறத்தாழ இரண்டு நிமிடம்.

பிறகு திருத்தம். ஒரே ஒரு தவறை மட்டும் எடுங்கள், அதிகம் போனால் இரண்டு. ஏழு தவறு இருந்தாலும் ஏழையும் சொன்னால் எதுவும் நிற்காது. எது உயிருக்கு நெருக்கமோ அதை முதலில் எடுக்க வேண்டும்: ஆழம் குறைவு என்றால் ஆழம், இடைவெளி அதிகம் என்றால் இடைவெளி. கை விரல் கோர்த்த விதம் அழகாக இல்லை என்பதெல்லாம் அடுத்த மூன்று மாதத்துக்கு.

திருத்திய உடனே இன்னொரு இரண்டு நிமிடம் செய்யச் சொல்லுங்கள். இதை விட்டுவிட்டால் முழுப் பயிற்சியும் வீண். தவறைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போனவரின் கை, மறுநாளும் பழைய வழியிலேயே போகும். இரண்டாவது முறையும் தரத்தைத் தொடவில்லை என்றால் 'தோல்வி' என்று எழுதாதீர்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி ஐந்து நிமிடம் கொடுங்கள். எல்லோரும் ஒரே தரத்துக்கு வர வேண்டும், அதற்கு ஆகும் நேரம் ஆளுக்கு ஆள் மாறலாம் என்பதே இங்கே கொள்கை.

புதிதாகச் சேர்ந்தவருக்கு இந்தப் பத்து நிமிடம் ஒத்துவராது. அவருக்கு முதலில் முழுமையாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். 1998-இல் பெய்டன் என்ற அறுவை மருத்துவர் சொன்ன நான்கு படி முறை அதற்கு இன்றும் நன்றாக வேலை செய்கிறது. முதலில் பேசாமல் உண்மையான வேகத்தில் செய்து காட்டுதல். இரண்டாவது, நிறுத்தி நிறுத்தி விளக்கத்தோடு செய்து காட்டுதல். மூன்றாவது, கற்பவர் வாயால் சொல்ல அதன்படி பயிற்சியாளர் செய்தல். நான்காவது, கற்பவரே சொல்லிச் செய்தல். மூன்றாவது படியைப் பலரும் நேரமில்லை என்று தாண்டிவிடுகிறார்கள். கற்பவர் தலைக்குள் வரிசை எங்கே பிசகியிருக்கிறது என்பது அந்தப் படியில்தான் வெளியே வரும்.

கையும் கட்டிலும் செய்யும் தவறுகள்

முதலாவது, நெஞ்சின் மேல் சாய்வது. அழுத்துபவர் களைத்ததும் உடல் எடையைக் கையில் வைத்தபடியே இருந்துவிடுவார். நெஞ்சு முழுக்க எழும்பாது, இதயத்துக்கு ரத்தம் திரும்பி வராது, அடுத்த அழுத்தத்தில் வெளியே தள்ள எதுவும் இருக்காது. ஆழம் மட்டும் பார்க்கும் பயிற்சியாளர் கண்ணுக்கு இது தப்பிவிடும். பக்கவாட்டில் நின்று, கையின் அடிப்பகுதியைப் பார்த்தால் தெரியும்.

இரண்டாவது, உயரம். தரையில் வைத்த பொம்மையில் மண்டியிட்டு நன்றாக அழுத்துகிறவர், உயரமான கட்டில் பக்கத்தில் நின்றால் முழங்கை மடிந்துவிடும். தோள்பட்டை நோயாளியின் நெஞ்சுக்கு நேர் மேலே வர வேண்டும். அதற்கு நோயாளி படுத்திருக்கும் மட்டம் அழுத்துபவரின் தொடை நடுப்பகுதி அளவில் இருக்க வேண்டும். கட்டில் இறங்காத வகை என்றால் படிப்பலகை வேண்டும். குள்ளமான நர்ஸ் ஒருவர் வார்டில் படிப்பலகை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நிற்பதை வகுப்பறைப் பயிற்சி ஒருநாளும் காட்டிக்கொடுக்காது. பயிற்சியை வார்டிலேயே, அங்கே இருக்கும் கட்டிலிலேயே வைக்கச் சொல்வது இதனால்தான்.

மூன்றாவது, மெத்தை. கை 6 செ.மீ. இறங்கியது போல இருக்கும், அதில் பாதி மெத்தை அமுங்கியதாக இருக்கும். படுக்கைப்புண் வராமலிருக்கப் போடும் காற்று மெத்தையில் இன்னும் மோசம். அந்த மெத்தைகளில் பெரும்பாலும் காற்றை உடனே வெளியேற்ற ஒரு சி.பி.ஆர். வால்வு இருக்கும். அதை இழுத்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் வார்டில் கேட்டுப் பாருங்கள்.

நான்காவது, ஆம்பு பேக். பதற்றத்தில் எல்லோரும் வேகமாகவும் முழுதாகவும் பிசைவார்கள். பெரியவர் பையின் கொள்ளளவு சுமார் ஒன்றரை லிட்டர், நோயாளிக்குத் தேவையோ ஒரு மூச்சுக்கு 500 முதல் 600 மி.லி. மூன்றில் ஒரு பங்கு பிசைந்தால் போதும், ஒரு விநாடி நேரம், நெஞ்சு எழும்புவது கண்ணில் படும் அளவு. அதிகமாகக் கொடுத்தால் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் தடைப்படும், வயிற்றில் காற்று புகுந்து வாந்தி வரும். மூச்சுக்குழாய்க்குள் குழாய் போட்ட பிறகு 6 விநாடிக்கு ஒரு மூச்சு மட்டுமே. அப்போது மூச்சுக்காக அழுத்தத்தை நிறுத்தவும் வேண்டாம்.

மாஸ்க் பிடிப்பதில் இன்னொரு சிக்கல். மாஸ்க்கை முகத்தை நோக்கி அமுக்குவார்கள், காற்று ஓரமாகக் கசியும். தாடையைத் தூக்கி மாஸ்க்குக்குள் கொண்டுவர வேண்டும். ஒருவரே பிடித்து ஒருவரே பிசைவது அனுபவசாலிக்கே கடினம். ஆள் இருந்தால் ஒருவர் இரண்டு கையாலும் மாஸ்க்கைப் பிடிக்க, மற்றவர் பிசையட்டும்.

கடைசியாக, களைப்பு. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், செய்ய மாட்டார்கள். 'நான் இன்னும் செய்வேன்' என்று தெம்பாகச் சொல்பவரின் ஆழம் அதற்கு முன்பே குறையத் தொடங்கியிருக்கும். உடம்பு களைப்பை உணர்வதற்கு முன்னால் தரம் விழுந்துவிடுகிறது. ஆகவே மாற வேண்டியது கடிகாரம் சொல்லும்போது, ஆள் கேட்கும்போது அல்ல.

கூட்டாக ஒத்திகை

தனியாள் திறன் ஒரு பாதி. உண்மையான கோட் ப்ளூவில் ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், யார் என்ன செய்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. இதற்கு மாக் டிரில் எனப்படும் திடீர் ஒத்திகை வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வார்டிலும் ஒன்று என்பது நடைமுறைக்கு ஒத்துவரும். ஒத்திகை பத்து நிமிடம், அதன் பிறகு பேச்சு பத்து நிமிடம்.

நர்சுகள் மட்டும் கூடிச் செய்தால் அது ஒத்திகை ஆகாது. டூட்டி டாக்டர், ஹவுஸ் சர்ஜன், வார்டு அட்டெண்டர், லிப்ட் ஆபரேட்டர், செக்யூரிட்டி வரை சேர வேண்டும். லிப்டைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லாததால் கீழ்த்தளத்திலிருந்து வர வேண்டிய குழு மூன்று நிமிடம் தாமதமாகும் மருத்துவமனைகள் உண்டு. அந்தத் தாமதத்தை எந்த வகுப்பும் சரிசெய்யாது.

ஒத்திகையில் பழக வேண்டிய முக்கியப் பழக்கம், சொன்னதைத் திருப்பிச் சொல்வது. "சிஸ்டர், அட்ரினலின் ஒரு மில்லிகிராம் ஐ.வி. போடுங்க." "அட்ரினலின் ஒரு மில்லிகிராம் ஐ.வி. போட்டாச்சு சார், மணி பத்து இருபது." இப்படி ஒருவரை அழைத்துக் கொடுத்த உத்தரவுக்கு, மருந்தின் பெயரைச் சொல்லியே அவரிடமிருந்து பதில் வர வேண்டும். "யாராவது அட்ரினலின் போடுங்கப்பா" என்று பொதுவாகச் சொன்னால் ஒன்று யாரும் போட மாட்டார்கள், அல்லது இரண்டு பேர் போடுவார்கள். நேரம் குறிக்க ஒருவரைத் தனியாக நிறுத்துங்கள். அட்ரினலின் 3 முதல் 5 நிமிட இடைவெளியில் போக வேண்டும். நேரம் குறிக்க ஆள் இல்லாவிட்டால் அந்த இடைவெளி அவரவர் மனக்கணக்காகிவிடும்.

அதைவிடக் கடினம், சின்னவர் பெரியவரிடம் சொல்வது. அழுத்திக்கொண்டிருப்பவர் சீனியர் டாக்டர், ஆழம் போதவில்லை, பக்கத்தில் நிற்கும் இரண்டாம் ஆண்டு நர்சுக்கு அது தெரிகிறது. நம் மருத்துவமனைகளில் அவர் வாய் திறக்க மாட்டார். 'மரியாதை பார்க்காதே' என்று அறிவுரை சொல்லிப் பயனில்லை. சொல்ல ஒரு வாக்கியத்தைக் கையில் கொடுக்க வேண்டும்: "சார், ரெண்டு நிமிஷம் ஆச்சு, நான் மாத்திக்கிறேன்." இதில் குறை சொல்வது இல்லை, கடிகாரத்தின் பெயரில் மாற்றம் நடந்துவிடுகிறது. ஒத்திகையில் டாக்டரை வேண்டுமென்றே மோசமாக அழுத்தச் சொல்லி, நர்ஸ் இதைச் சொல்லிப் பழகட்டும். டாக்டருக்கும் கேட்டுப் பழக்கம் வரும்.

ஒத்திகையின்போது கிராஷ் கார்ட்டை, அதாவது அவசர மருந்தும் கருவியும் வைக்கும் வண்டியைத் திறந்தே ஆக வேண்டும். மாதாமாதம் 'சரிபார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்ட வண்டியில் என்னவெல்லாம் இருக்காது என்பது அப்போதுதான் தெரியும். தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பின் விளக்கு எரியாது. ஆம்பு பேக்கில் ஆக்சிஜன் சேமிப்புப் பை மாட்டியிருக்காது. சிலிண்டர் இருக்கும், திறக்கும் சாவி இருக்காது. இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் மருந்தின் முதல் டோஸ் 300 மி.கி., ஆம்பியூல் 150 மி.கி., வண்டியில் ஒன்றே ஒன்று கிடக்கும். மின் அதிர்ச்சி (ஷாக்) கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டரின் பேட்டரி சார்ஜ் ஆகாமல் இருக்கும், ஏனென்றால் அந்தப் பிளக்கில் யாரோ கெட்டில் மாட்டியிருப்பார்கள்.

எப்போது ஒத்திகை வைக்கக் கூடாது என்பதையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். வார்டில் உண்மையாகவே ஒருவர் மோசமாக இருக்கும்போது, ஷிப்டில் ஆள் குறைவாக இருக்கும்போது, மருந்து ரவுண்ட் நேரத்தில் வேண்டாம். பக்கத்துப் படுக்கை நோயாளிகளுக்கும் கூட இருப்பவர்களுக்கும் 'இது பயிற்சி' என்று முன்பே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் நடத்தினால் அங்கே இன்னொருவருக்கு நெஞ்சு வலி வந்துவிடும்.

இரவு ஷிப்ட்டை விட்டுவிடாதீர்கள். பயிற்சி எல்லாம் பகலில், பயிற்சியாளர் வரும் நேரத்தில் நடக்கும். இரவில் ஆள் குறைவு, மூத்த டாக்டர் வீட்டில், லிப்ட் ஆள் தூக்கத்தில். இரவு ஆட்களைக் காலையில் டூட்டி முடிந்ததும் இரண்டு மணி நேரம் உட்கார வைப்பது கொடுமை, மண்டையில் ஏறவும் ஏறாது. நான்கு ஒத்திகைக்கு ஒன்றாவது இரவு பத்து மணிக்கு மேல் இருக்கட்டும்.

பிறகு பேசும் பத்து நிமிடம்

ஒத்திகை முடிந்ததும் அங்கேயே நின்றபடி பேச வேண்டும். நாளைக்கு என்று தள்ளினால் ஆளுக்கொரு கதை உருவாகிவிடும். மூன்று கேள்வி போதும்: என்ன நடந்தது, ஏன் அப்படி நடந்தது, அடுத்த முறை எதை மாற்றுவோம். 'ஏன் லேட்டாச்சு?' என்று ஒருவரைப் பார்த்துக் கேட்டால் அவர் மூடிக்கொள்வார். "முதல் ஷாக் கொடுக்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கிறது. டிஃபிப்ரிலேட்டர் வர எது தடுத்தது?" என்று கேட்டால் கார்ட் பூட்டியிருந்தது, சாவி இன்சார்ஜ் சிஸ்டர் பையில் இருந்தது என்று வெளியே வரும். அங்கே மாற்ற வேண்டியது சாவி வைக்கும் இடம். ஆளைத் திட்டினால் சாவி அதே பையில்தான் இருக்கும்.

பயன்பட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது

பயிற்சியை மதிப்பிட 1959-இல் டொனால்ட் கிர்க்பேட்ரிக் வகுத்த நான்கு நிலைகள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. பிடித்திருந்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, அதனால் பலன் மாறியதா. நம் பின்னூட்டப் படிவங்கள் முதல் நிலையோடு நின்றுவிடும்: 'பயிற்சி மிகவும் பயனுள்ளதாக இருந்தது' என்று எல்லோரும் டிக் போட்டிருப்பார்கள். முன்தேர்வு, பின்தேர்வு வைத்தால் இரண்டாவது நிலை. அதிலும் ஒரு ஏமாற்று உண்டு. அதே பத்துக் கேள்வியைக் காலையிலும் மாலையிலும் கேட்டால் மதிப்பெண் ஏறத்தான் செய்யும். அதே கேள்வியை மூன்று மாதம் கழித்துக் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது நிலைக்கு வார்டில் அளக்க எளிதான எண்கள் சில இருக்கின்றன. நோயாளி விழுந்ததிலிருந்து முதல் அழுத்தம் வரை எத்தனை விநாடி. முதல் ஷாக் வரை எத்தனை நிமிடம். மொத்த நேரத்தில் அழுத்தம் நடந்த பங்கு எவ்வளவு. கடைசியதைக் கணக்கிடுவது சுலபம்: பத்து நிமிடம் என்பது 600 விநாடி, அதில் கை நின்றிருந்தது 150 விநாடி என்றால் பங்கு 75 சதவீதம். 60-க்குக் குறையக் கூடாது, நல்ல குழு 80-ஐத் தொடும். இந்த எண்ணை ஒவ்வொரு ஒத்திகைக்கும் வார்டு பலகையில் எழுதிவிடுங்கள். பெயர் வேண்டாம், எண் மட்டும்.

நான்காவது நிலை, எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பது. சிறிய மருத்துவமனையில் எண்ணிக்கை மிகக் குறைவு என்பதால் ஆறு மாதக் கணக்கை வைத்து முடிவுக்கு வர முடியாது. பலன் எண்ணைத் துரத்தாமல் செயல் எண்ணைப் பாருங்கள்.

பதிவேட்டில் பெயர், தேதி, கையெழுத்தோடு ஆழம், வேகம், திருத்திய தவறு ஆகிய மூன்று கட்டமும் இருக்கட்டும். மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று தரும் என்.ஏ.பி.எச். அமைப்பிலிருந்து ஆய்வுக்கு வருபவரிடம் காட்டவும் ஆகும், அடுத்த முறை அந்த நபருக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது என்றும் தெரியும்.

மேனிக்கின் இல்லாத இடத்தில்

ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சிறிய நர்சிங் ஹோமிலும் பொம்மை இருக்காது. தலையணையை அழுத்திப் பழகலாமே என்பார்கள். ஆழமும் எதிர்ப்பும் முற்றிலும் வேறு, தவறான பழக்கம்தான் வரும். உயிருள்ள ஆளின் நெஞ்சில் அழுத்திக் காட்டவே கூடாது, விளையாட்டுக்குக்கூட. பக்கத்து மருத்துவமனையிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருநாள் பொம்மையைக் கடன் வாங்குங்கள். மற்ற நாட்களில் பொம்மை தேவைப்படாதவற்றைப் பழகுங்கள்: அழைப்பு, கார்ட் வருவது, ஆம்பு பேக்கைப் பிரித்துப் பூட்டுவது, ஆக்சிஜன் திறப்பது, மருந்து எடுப்பது, யார் எங்கே நிற்பது. தாமதத்தில் பெரும்பகுதி இவற்றில்தான் ஒளிந்திருக்கிறது. மருத்துவமனைக்கு வெளியே இருக்கும் பொதுமக்களுக்காக இந்திய மயக்கவியலாளர் சங்கம் 2017-இல் வகுத்த, மூச்சுக் கொடுக்காமல் அழுத்தம் மட்டும் தரும் முறையைச் செக்யூரிட்டி, அட்டெண்டர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். நர்சுகளுக்கு அது போதாது.

இதே முறை பிரசவ அறைக்கும் பொருந்தும். பிறந்து அழாத குழந்தைக்கு முதல் ஒரு நிமிடத்துக்குள் மூச்சுக் கொடுக்கத் தொடங்க வேண்டும், நிமிடத்துக்கு 40 முதல் 60 வரை. 2009-இல் தொடங்கிய நவஜாத் சிசு சுரக்ஷா திட்டத்தில் இதற்கு இரண்டு நாள் பயிற்சி கொடுக்கிறார்கள். அந்த இரண்டு நாளுக்குப் பிறகு குழந்தைப் பொம்மையைப் பீரோவில் பூட்டாமல் பிரசவ அறை மேசையில் வைத்தால், பிரசவம் இல்லாத நேரத்தில் வாரம் ஐந்து நிமிடம் கை பழகும்.

ஒத்திகை முடிந்து கலையும் முன் இரண்டு வேலை பாக்கி இருக்கும். பயிற்சிக்குக் கொண்டுவந்த காலி ஆம்பியூல், தண்ணீர் நிரப்பிய சிரிஞ்சு எல்லாவற்றிலும் 'பயிற்சிக்கு மட்டும்' என்று சிவப்பு லேபிள் ஒட்டியிருக்க வேண்டும். கொண்டுவந்த எண்ணிக்கையும் திரும்பப் போகும் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கிறதா என்று இரண்டு பேர் எண்ண வேண்டும். அட்ரினலின் என்று எழுதிய தண்ணீர் சிரிஞ்சு ஒன்று கார்ட்டில் தங்கிவிட்டால் அடுத்த உண்மையான கோட் ப்ளூவில் அது நோயாளிக்குப் போகும். பிறகு, திறந்த கார்ட்டை நிரப்பிப் புதிய சீல் போட்டு, சீல் எண்ணைப் பதிவேட்டில் எழுதி, பொம்மையின் முகத்தை 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து, டிஃபிப்ரிலேட்டரை மறுபடி பிளக்கில் மாட்ட வேண்டும். இவற்றை யார் செய்வது என்று ஒத்திகை தொடங்கும் முன்பே பெயர் சொல்லி வைத்துவிடுங்கள்.